இருநூற்றுப் பதினான்கு மூச்சு

"நிறுத்துங்க" என்று வாஷிங்டன் கையைக் கீழே போட்டார்.

மேடைக்கு முன்னால் இசைக்குழு உட்காரும் பள்ளத்தில் பதினேழு பேரும் வாசிப்பதை விட்டார்கள். கிளாரினெட்காரர் மட்டும் கவனிக்காமல் ஒரு சுரத்தைத் தனியாக ஊதிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் நிபியாவின் முதுகுக்குப் பின்னால், இரண்டு மாடி உயரத் திரையில், இன்னொரு நிபியா பாடிக்கொண்டே இருந்தாள். மஞ்சள் மழைச்சட்டை போட்டுக்கொண்டு, தன் சொந்த வீட்டுச் சமையலறையில், இடுப்பளவு வெள்ளத்தில் நின்று பாடினாள். படத்தில் இருப்பவளுக்கு வாஷிங்டனின் கை தெரியாது.

"மறுபடியும் பிந்திட்டே," என்றார் வாஷிங்டன். "உன்னோட நீயே சேர்ந்து பாட முடியலைன்னா நான் யாரைப் போய்க் கேக்கறது, சொல்லு?"

பள்ளத்தில் யாரோ சிரித்தார்கள். சால்த்தோ ஊரில் தெருவுக்கு ஒரு வாஷிங்டன் உண்டு. இவர் இசைக்குழுவை நடத்துகிற வாஷிங்டன். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத மனிதர். அதனாலேயே அந்தச் சொல் நிபியாவுக்கு அதிகமாக வலித்தது.

அவள் காதில் ஒரு குட்டிக் கருவி இருந்தது. அதில் ஓயாமல் டிக், டிக் என்று தாளம் கேட்கும். படம் ஒரே வேகத்தில் ஓடும், யாருக்காகவும் காத்திருக்காது. அதோடு சேர்ந்து பாட வேண்டுமென்றால் அந்தத் தட்டலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நிபியாவுக்கோ அது பழக்கூடத்தில் பழங்களைச் சுமந்து ஓடும் பட்டையின் சத்தம் மாதிரி இருந்தது. பத்தொன்பது வருஷமாக அந்தப் பட்டையின் பக்கத்தில் நின்று ஆரஞ்சுப் பழங்களைத் தரம் பிரிக்கிறாள். அந்தச் சத்தம் கேட்டாலே கை தானாகப் பழம் தேடும், வாய் மூடிக்கொள்ளும்.

அரங்கின் நடுவில் ஒரு மேசை போட்டு, சின்ன விளக்கு வெளிச்சத்தில் கிராசியானா இத்துரால்டே உட்கார்ந்திருந்தார். நரைத்த தலையைப் பின்னால் சாய்த்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சத்தம் போட்டிருந்தால்கூட நிபியா தாங்கியிருப்பாள்.

கிராசியானாவை அவள் முதன்முதலில் பார்த்தது படகில். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆறு ஏறி, கரையோரத் தெருக்கள் எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டன. சனங்கள் கூடைப்பந்துக் கொட்டகையில் பாய் விரித்துக் கிடந்தார்கள். நிபியா பூனையைத் தேடி வீட்டுக்குப் போயிருந்தாள். கூப்பிட்டால் வராத பூனை அது, பாடினால் வரும். ஆகவே சமையலறைத் தண்ணீரில் நின்று பாடினாள். பூனை அலமாரி மேலிருந்து எட்டிப் பார்த்தபோது, ஜன்னலுக்கு வெளியே ஒரு படகு இயந்திரத்தை அணைத்துக்கொண்டு நின்றது. அதில் ஒரு பெண், மடியில் கேமராவோடு.

"டிவிக்காரங்களா? தண்ணி வடிஞ்ச பிறகு வாங்க, வீட்டை வாடகைக்குத் தர்றோம்," என்று அடுத்த வீட்டுக் கூரையிலிருந்து எல்பியோ கத்தினான்.

"அந்த அம்மா இன்னொரு தடவை பாடுவாங்களா?" என்று மட்டும்தான் படகில் இருந்தவர் கேட்டார்.

பிறகு தண்ணீர் நின்ற பதினொரு நாளும் அவர் வந்தார். முந்தின ராத்திரி எழுதிய பாட்டைத் தாமே பாடிக் காட்டுவார். நிபியா இரண்டு தடவை கேட்டுவிட்டுத் திருப்பிப் பாடுவாள். அவளுக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. திருவிழா மாதத்தில் தெருமுனை மேடைகளில் கூட்டமாகப் பாடி ஊரைக் கேலி செய்யும் முர்கா கோஷ்டி ஒன்றில் மேல்குரல் பாடுகிறவள் அவள். கோஷ்டியின் பெயர் 'எப்பவும் நனைஞ்சவங்க'. எல்பியோ அதில் பெரிய மத்தளம் அடிப்பவன், மற்ற நாளில் டிவி ரிப்பேர்.

கிராசியானா பாட்டு எழுதுவார், படம் பிடிப்பார், அந்தப் படத்தைத் தாமே வெட்டி ஒட்டுவார், மேடையில் யார் எங்கே நிற்பது, எந்த விளக்கு எப்போது அணைவது என்பதையும் தாமே சொல்வார். ஒரு வேலையையும் இன்னொருவர் கையில் கொடுக்க மாட்டார். சில மாதங்களுக்கு முன்னால் அந்தக் கூடைப்பந்துக் கொட்டகையில் ஒத்திகை நடந்தபோது, எல்பியோவின் கணினியில் அரைகுறைப் படத்தை ஓட்டிக் காட்டினார். ஒரே ஒரு செல்லோக்காரர் படத்தோடு சேர்ந்து வாசித்தார். வில் ஒருமுறை இழுபட்டபோது படத்தில் தண்ணீர் சுவரில் ஒரு விரற்கடை ஏறியது. அடுத்த இழுப்புக்கு இன்னொரு விரற்கடை. நிபியாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெள்ளம் தானாகத்தான் ஏறியது, அவள் கண்ணால் பார்த்தாள். ஆனால் இந்த மனுஷியின் தலைக்குள் அது முதலிலேயே ஏறிவிட்ட மாதிரி இருந்தது. அன்றைக்கு அவள் படத்தில் இருந்தவளோடு ஒரு இடத்திலும் பிசகாமல் பாடினாள்.

படம் முழுதாக முடிந்து தலைநகரிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகிறது. அந்தப் பத்து நாளும் அவளால் ஒரு வரியைக்கூடச் சரியாக எடுக்க முடியவில்லை. நாளைக்கு ஞாயிறு, மாலை ஆறு மணிக்கு முதல் காட்சி.

கிராசியானா மேடைக்கு ஏறி வந்தார். நிபியாவின் தோளில் கை வைத்தார்.

"நிபியா, நாளைக்கு நீ மேடையில இரு. நட, நில்லு, எல்லாம் நீதான். அனாக்லாரா பள்ளத்துல உக்காந்து பாடுவா. நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்."

அனாக்லாரா தலைநகரில் படித்த பெண். ஆபத்துக்கு இருக்கட்டும் என்று வாஷிங்டன் வரவழைத்திருந்தார். அந்தப் பெண் தலை குனிந்துகொண்டாள்.

"சரி, மாயெஸ்த்ரா," என்றாள் நிபியா, ஆசானை அழைக்கும் மரியாதைச் சொல்லால். காதிலிருந்த கருவியைக் கழற்றி, கூட்டில் போடும் முட்டை மாதிரி மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். மழை பிடித்துக்கொண்டது.

மறுநாளும் மழை விடவில்லை. மழை பெய்தால் ரொட்டி பொரிக்காத வீடு அந்தத் தெருவில் கிடையாது. கொட்டகையில் கோஷ்டிக்காரர்கள் கூடி, பெரிய வாணலியில் மாவு வட்டங்களைப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாத்தே என்ற இலைத் தேநீர்க் குடுவை கை மாறிக்கொண்டிருந்தது. எல்லாருமே மாலை தியேட்டருக்கு வரப்போகிறவர்கள். நிபியா பாடப்போவதில்லை என்று யாருக்கும் தெரியாது, எல்பியோவைத் தவிர.

"ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டாங்க, புள்ள," என்றான் அவன், வாயில் ரொட்டியோடு.

"நம்ம ஆளுங்களா? இருபது வருஷமா என் தோளோட தோள் ஒட்டிப் பாடுறவங்க எல்பியோ. அவங்களுக்கா தெரியாது? அந்தப் பொண்ணு குரல் வந்த உடனே, 'நிபியா தொண்டைல யாரு'ன்னு மாடியிலிருந்து கத்துவாங்க."

அவன் சிரிக்கவில்லை. "அப்ப ஏன்தான் பிந்துறே? உன் பாட்டு, உன் வாய், உன் வீடு."

"தெரியல. பழைய படத்துல சரியா வந்துச்சே."

"ரெண்டும் ஒரே படம்தான். நொடி மாறாது. ரெண்டும் என் கணினியில ஓடினதுதானே."

"போடு பாப்போம்."

கொட்டகை மூலையில் கணினியைத் திறந்தான். நிபியா மேடையில் நிற்கிற மாதிரியே படத்துக்கு முதுகு காட்டி நின்றாள். அதுதான் கிராசியானாவின் ஏற்பாடு. வெள்ளத்துக்குப் பிறகு வீட்டைக் கழுவ வந்தவளும், வெள்ளத்துக்குள் நிற்பவளும், கடைசிப் பாட்டு வரை ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது.

முதல் வரி. பிந்தினாள். இரண்டாம் வரிக்கு முந்தினாள். மூன்றாவதில் நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக் கேட்க மட்டும் செய்தாள். பாட்டு ஓடியது. ஒரு வரி முடியும், சுத்தமான அமைதி, அடுத்த வரி பொட்டென்று தொடங்கும். ஒரு வரி, அமைதி, பொட்டென்று ஒரு வரி.

அவள் திரும்பினாள்.

"எல்பியோ. இவ மூச்சே விடலையே."

"படம், புள்ள. படம் எங்க மூச்சு விடும்?"

"டேய், கேளுடா. நம்ம கோஷ்டியில எப்படித் தொடங்குவோம்? நீ மத்தளம் அடிக்கிறதைப் பாத்தா தொடங்குறோம்? பக்கத்துல நிக்கிறவ மூச்சை இழுப்பா. தோள் உப்பும். அதோட நானும் இழுப்பேன். அப்புறம் எல்லார் வாயும் ஒண்ணாத் திறக்கும். கொட்டகையில முன்ன ஓடின பழைய படத்துல இவ இழுத்தா. கரகரன்னு, தண்ணியோட சத்தத்துக்கு நடுவுல. எனக்குக் கேட்டுச்சு. இப்ப அது இல்ல!"

எல்பியோ ரொட்டியைக் கீழே வைத்தான். ஒலியைக் கூட்டினான். மறுபடி ஓட்டினான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "மழைச்சட்டையை மாட்டு, தியேட்டருக்குப் போவோம்," என்றான்.

அவர்கள் நனைந்துபோய்த் தியேட்டருக்குள் நுழைந்தபோது மணி மூன்று. கிராசியானா மேடையில் மண்டியிட்டு, நாற்காலி நிற்க வேண்டிய இடத்தில் தாமே பட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். எல்பியோ நிபியாவை முழங்கையால் இடித்தான்.

"மாயெஸ்த்ரா, படத்துல இருக்கிறவளுக்கு மூச்சு இல்ல. அதான் எனக்கு எப்பத் தொடங்கறதுன்னு தெரியல."

வாஷிங்டன் பள்ளத்திலிருந்து, "அட, நல்ல சாக்கு. என் பேரன்கூட இதை யோசிக்க மாட்டான்," என்றார்.

கிராசியானா சிரிக்கவில்லை. ஒட்டுப்பட்டைச் சுருள் அவர் கையிலிருந்து உருண்டு போயிற்று. அப்படியே மேடைத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் எடுத்தேன்," என்றார். "ஒவ்வொண்ணா. மூணு வாரம். எனக்கு அது அழுக்காத் தெரிஞ்சுது. பாட்டுக்கு நடுவுல ஒரு கீறல் மாதிரி. இருநூத்திப் பதினாலு இருந்துச்சு. எண்ணினேன். நல்லாச் சுத்தம் பண்ணிட்டேன்னு பெருமையா இருந்தேன்."

"அந்தப் பழைய பதிவு?" என்று கேட்டார் வாஷிங்டன், இப்போது வேறு குரலில்.

"மோன்தெவிதேயோவில. என் வீட்ல, பெட்டிக்குள்ள. சாவி என் பையில." அந்தத் தலைநகருக்குப் போக மட்டும் பஸ்ஸில் ஆறு மணி நேரம். "எல்பியோ, உன்கிட்ட ஒரு பிரதி கொடுத்தேனே?"

எல்பியோ தரையைப் பார்த்தான். "என் தங்கச்சி மகளோட பதினஞ்சாம் பிறந்தநாள் வீடியோ... இடம் பத்தல, மாயெஸ்த்ரா. புதுப்படம் வந்துடுச்சேன்னு பழசை அழிச்சேன். கேக் வெட்டுறதே நாப்பது நிமிஷம் எடுத்திருக்காங்க."

நிபியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவ்வளவுதான், அனாக்லாராவே பாடட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

கிராசியானா கண்ணை மூடியிருந்தார். அவர் உதடு அசைந்தது. விரல் முழங்காலில் எதையோ குறித்துக்கொண்டே போயிற்று. அவர் முதல் பாட்டைத் தமக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று நிபியாவுக்குப் புரிந்தது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவர் மார்பு ஏறி இறங்கியது. சின்ன வரிக்குச் சின்னதாக. நீண்ட வரிக்கு ஆழமாக. ஓரிடத்தில் இரண்டு முறை, விக்கல் மாதிரி. அது, தண்ணீர் குளிர்ந்து நிபியாவுக்கு உடம்பு நடுங்கிய இடம். அவளே அதை மறந்துபோயிருந்தாள்.

கிராசியானா கண் திறந்தார். "எல்லாம் இருக்கு. அழிச்சவளுக்குத்தான் தெரியும், எது எங்க இருந்துச்சுன்னு." எழுந்தார். "எல்பியோ, ஒரு மைக் கொண்டா. திரைக்குப் பின்னால வை. இன்னைக்குப் படம், விளக்கு எல்லாம் நீ ஓட்டு."

"நானா? உங்க மேசையிலயா?"

"என் நாற்காலியில."

வாஷிங்டன் புருவத்தைத் தூக்கினார். முழு ஒத்திகைக்கு நேரமில்லை. பள்ளத்துக்காரர்கள் நாலு மணிக்குச் சாப்பிடப் போய்விடுவார்கள். அவர் விரலை நீட்டி ஒப்பந்தம் பேசினார்: அனாக்லாரா பள்ளத்தில் மைக்கோடு இருப்பாள். முதல் பாட்டில் நிபியா ஒரு வரி தவறினாலும் அவர் இடது கையைத் தூக்குவார். அந்தக் கணத்திலிருந்து அனாக்லாரா பாடுவாள், நிபியா வாயை மட்டும் அசைப்பாள்.

"சரியா?" என்றார் நிபியாவிடம்.

"சரி, வாஷிங்டன். ஆனா அந்த டிக் டிக்கை நான் மாட்ட மாட்டேன்."

"அதை நானே மாட்டிக்கிறேன். எனக்கு வேற கதி?"

ஐந்தே முக்காலுக்கு வாசலில் தகராறு. கரையோரத் தெருக்காரர்கள் அத்தனை பேரும் கக்கத்தில் வெந்நீர் ஃபிளாஸ்க்கும் கையில் மாத்தேக் குடுவையுமாக வந்திருந்தார்கள். உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றார் வாசல்காரர். கடைசியில் மாடிப்படிக்கு அடியில் முப்பத்திரண்டு ஃபிளாஸ்க்குகள் வரிசையாக நின்றன. அவர்கள் மேல்மாடிக்கு ஏறினார்கள். கீழே பஞ்சு நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள்.

விளக்கு அணைந்தது.

நிபியா மேடைக்கு நடந்தாள். வாளி, துடைப்பம், காய்ந்த சேறு அப்பிய ஒரு நாற்காலி. அரங்கம் இருட்டாக, ஆற்றைப் போல அகலமாக இருந்தது. செல்லோ ஒருமுறை இழுபட்டது. அவளுக்குப் பின்னால் வெளிச்சம் வந்தது. திரையில் தண்ணீர் ஏறிவிட்டது என்று முன்வரிசை முகங்களில் அசைந்த நீல நிழலிலிருந்து தெரிந்தது. வாஷிங்டன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை மார்பளவில் தயாராக நின்றது. அனாக்லாராவின் வாய்க்கு அருகே மைக் ஒளிர்ந்தது.

அப்போது முதுகுப்பக்கம், உச்சியிலிருந்து அடி வரை, யாரோ மூச்சை இழுத்தார்கள்.

அது திரை முழுவதிலிருந்தும் வந்தது. வீடு ஒன்று நெஞ்சை விரித்த மாதிரி இருந்தது. நிபியாவின் தோளில் யாரும் தொடவில்லை, ஆனாலும் தோள் தானாக உப்பியது. அவள் வாயைத் திறந்தாள். அந்த வாயும் திறந்தது. இரண்டு குரலும் ஒரே இடத்தில் பிறந்தன.

அடுத்த வரி. மூச்சு, பாட்டு. மூன்றாவது வரி. விக்கல் மாதிரி இரண்டு மூச்சு வந்தது. அவள் உடம்பு, இரண்டு வருஷத்துக்கு முந்தின குளிரில் மறுபடி நடுங்கியது. எங்கே பிந்திவிடுவோமோ என்ற பயம் போய், வேறொரு பயம் வந்தது. கோயிலுக்குள் தனியாக நுழைந்தால் வருமே, அந்தப் பயம். பின்னால் நிற்பவள் படம் இல்லை. உயிரோடு நிற்கிறாள். மேல்மாடியில் ஒரு குழந்தை, "அம்மா, அந்த அத்தை ரெண்டு பேரு!" என்றது. யாரும் அதை அதட்டவில்லை.

முதல் பாட்டு முடிந்தது. நிபியா பள்ளத்தைப் பார்த்தாள். வாஷிங்டன் தம் இடது கையை எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அனாக்லாரா மைக்கை அணைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அதன் பிறகு ஒன்றேகால் மணி நேரம் எப்படிப் போயிற்று என்று நிபியாவைக் கேட்டால் சொல்லத் தெரியாது. வாளியில் தண்ணீர் ஊற்றினாள், சுவரைத் தேய்த்தாள், பாடினாள். தேய்க்கத் தேய்க்க, பின்னால் அதே சுவரில் தண்ணீர் ஏறியது. கடைசிப் பாட்டு வந்தபோதுதான் அவள் திரும்ப வேண்டும். திரும்பினாள்.

இரண்டு மாடி உயரத்தில் அவள் நின்றாள். மழைச்சட்டை நெஞ்சுவரை நனைந்து, உதடு நீலம் பாரித்து, கண் நேராக அவளையே பார்த்தது. திரைத்துணி மெல்லியது. படத்தின் இருண்ட தண்ணீருக்குள், அடியில், பின்னாலிருந்து ஒரு சின்ன உருவம் மங்கலாகத் தெரிந்தது. நரைத்த தலை. அண்ணாந்து, இடம் வலம் மாறிய அந்தப் பெரிய முகத்தைப் பார்த்தபடி, வாயருகே மைக்கோடு, அதன் வாய் திறக்கும்போதெல்லாம் தன் வாயைத் திறந்துகொண்டிருந்தது.

கடைசி வரிக்கு முன்னால் படம் நின்றுவிடும். படத்தில் இருப்பவள் பாட வாய் திறப்பாள், பாட்டு வராது, திரை இருண்டுவிடும். அந்த வரியை மேடையில் நிற்பவள் தனியாகப் பாட வேண்டும். ஏன் அப்படி என்று நிபியாவுக்கு இதுவரை புரிந்ததில்லை.

பெரிய வாய் திறந்தது. கிராசியானா இழுத்தார். அவ்வளவு நீளமான மூச்சை நிபியா எந்தத் தோளிலும் உணர்ந்ததில்லை. அது முடியாமல் போய்க்கொண்டே இருந்தது. மேல்மாடியிலிருந்து அதோடு இன்னொரு மூச்சு சேர்ந்தது. கோஷ்டிக்காரர்கள். பழக்க தோஷம். பக்கத்தில் ஒருத்தி இழுத்தால் அவர்களால் இழுக்காமல் இருக்க முடியாது. பிறகு கீழே இருந்தவர்களும். தியேட்டர் முழுவதும் காற்றை உள்ளே இழுத்து நிறுத்தியது. திரை இருண்டது.

எல்லாருடைய மூச்சையும் கையில் வாங்கிக்கொண்ட மாதிரி, நிபியா தனியாகப் பாடினாள்.

கைதட்டல் தொடங்கியும் அவள் வணங்கவில்லை. திரைக்குப் பின்னால் ஓடினாள். கிராசியானா தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது, ஒரு கை விலாவை அழுத்தியிருந்தது. வெளியே மேல்மாடியில் எவனோ நாற்காலியை மத்தளமாக அடிக்க ஆரம்பித்துவிட்டான்.

"மாயெஸ்த்ரா! தலை சுத்துதா? தண்ணி கொண்டாரவா?"

"இருநூத்திப் பதினாலு," என்றார் கிராசியானா, மேல்மூச்சு வாங்கிக்கொண்டு.

நிபியா அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளோடு தோள் ஒட்டினாள். "இல்லியே. ஒண்ணு கூடுதலா வந்துச்சு. மூணாம் பாட்டு முடிஞ்சு, நாய் குரைக்கிற இடத்துல. அங்க நான் மூச்சு விட்டதே இல்ல."

கிராசியானா அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"அது என்னோடது," என்றார். "எனக்கும் வேணுமில்லையா?"